18 மில்லிமீட்டருக்குக் கீழே

(பொறியியல் மாணவர்களும் மடிக்கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



இரண்டு மடிக்கணினிகளைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டில் எது எடை குறைந்தது என்று மனத்துக்குள் ஒரு விடை வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஆப்பிள் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட மேக்புக் ஏர். தடிமன் 11.3 மி.மீ. இரண்டாவது, பானசோனிக் ஜப்பானில் விற்றுவந்த லெட்ஸ் நோட் எஸ்வி வரிசை. தடிமன் 24.5 மி.மீ., அதாவது முன்னதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதன் விளிம்புகளைச் சுற்றிப் பார்த்தால் விஜிஏ இருக்கிறது, எச்டிஎம்ஐ இருக்கிறது, லேன் இருக்கிறது, எஸ்டி கார்டு செருக இடம் இருக்கிறது, பழைய யுஎஸ்பியும் இருக்கிறது. பேட்டரியைக் கையாலேயே கழற்றலாம்.

மேக்புக் ஏர் 1.24 கிலோ. பானசோனிக் ஏறத்தாழ ஒரு கிலோ. தடியானதுதான் எடை குறைந்தது.

பானசோனிக்கின் திரை 12.1 அங்குலம், சிறியது என்று யாராவது சொல்லலாம். சரியான வாதம். அப்படியானால் ஃபுஜிட்சு நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த 13.3 அங்குல மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 634 கிராம். அதிலும் எச்டிஎம்ஐ, லேன், எஸ்டி கார்டு, பழைய யுஎஸ்பி எல்லாம் இருக்கின்றன. தடிமன் 15.5 மி.மீ. மக்னீசியம் கலந்த உடல், மெல்லிய திரைப்பலகை, சின்ன பேட்டரி என்று எடையைக் குறைக்க அவர்கள் செய்த வேலை வேறு. போர்ட்டுகளில் அவர்கள் கை வைக்கவில்லை.

இன்று நான் பேச வந்தது இதைத்தான். தடிமனைக் குறைப்பதும் எடையைக் குறைப்பதும் ஒரே வேலை என்று நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். நம் தோளுக்கும் முதுகுக்கும் வேண்டியது எடை குறைவு. தடிமன் குறைவு கடையின் கண்ணாடி அலமாரியில் கண்ணுக்குத் தெரிவது. அந்தக் கவர்ச்சிக்கான பலன் வாங்கும் நாளிலேயே கிடைத்துவிடுகிறது. அதற்கான செலவு மூன்றாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் வருகிறது, பெரும்பாலும் அதை முதலில் வாங்காத ஒருவர் தலையில். நம் ஊரில் ஒரு மடிக்கணினி ஒருவரோடு முடிவதில்லை. அக்கா படித்து முடித்தபின் தம்பிக்கு வரும். அலுவலகம் கழித்துவிட்டது சென்னை ரிச்சி தெருவில் துடைத்துச் சீராக்கி இரண்டாம் கை விலைக்கு விற்கப்படும். அந்த இரண்டாம் ஆளின் பக்கம் நின்று இதைப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பேட்டரியில் தொடங்குகிறேன், ஏனென்றால் தடிமனின் கதையே அங்கேதான் தொடங்கியது.

இங்கே வந்திருக்கும் பழுதுபார்ப்பவர்கள் பழைய மடிக்கணினி பேட்டரியை எத்தனையோ முறை பிளந்து பார்த்திருப்பார்கள். உள்ளே ஆறு உருளை செல்கள். 18650 என்று பெயர். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். இரண்டிரண்டாக இணையாகச் சேர்த்து, அந்த மூன்று ஜோடிகளையும் தொடராகக் கோத்திருப்பார்கள். ஒரு செல் 3.7 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர்-மணி என்று வைத்தால் ஏறத்தாழ 8 வாட்-மணி. ஆறுக்கும் சேர்த்து 48 வாட்-மணி. இந்தச் செல் இருக்கும்வரை, பேட்டரி இருக்கும் இடத்தில் மடிக்கணினியின் தடிமன் 18 மி.மீ.-க்குக் கீழே போக வழியில்லை. இரும்பு உறைக்குள் இருந்த அந்தச் செல் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் உள்ளே வாயு உண்டானால் அழுத்தத்தைத் தாங்கும் உடல் அதற்கு இருந்தது. அளவு மீறினால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஏற்பாடும் மூடியிலேயே இருந்தது. பேட்டரி தீர்ந்துபோனால் இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளி வெளியே எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகலாம்.

அதன் இடத்துக்கு வந்தது தட்டையான பாலிமர் செல். அலுமினியத் தாள் உறைக்குள் அடைத்தது. வேண்டிய வடிவில் வெட்டலாம், 5 மி.மீ. தடிமனில்கூடச் செய்யலாம். மெல்லிய மடிக்கணினிக்கு வழி திறந்தது இந்தச் செல்தான். 2011-இல் இன்டெல் நிறுவனம் அல்ட்ராபுக் என்ற வகையை அறிவித்தபோது, 13.3 அங்குலம்வரை உள்ள திரைக்கு 18 மி.மீ., அதற்கு மேல் 21 மி.மீ. என்று உச்ச வரம்பு வைத்தது. அந்த வரம்பை எட்ட எல்லா நிறுவனங்களும் உருளைச் செல்லைக் கைவிட்டன.

தாள் உறைக்கு வாயுவைத் தாங்கும் உறுதி கிடையாது. உள்ளே வேதிவினையில் வாயு சேர்ந்தால் அது உப்பும். தடியான கருவியில் உப்பினால் கொஞ்சம் இடம் இருக்கும். 15 மி.மீ. கருவியில் இடமே இல்லை. "டச்பேட் கிளிக் ஆகவில்லை" என்று கொண்டுவருவார்கள். கீழ் மூடியைத் திறந்தால் பேட்டரி தலையணையாக எழும்பி டச்பேடை அழுத்திக்கொண்டிருக்கும். மடிக்கணினி மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலும் அதே காரணமாக இருக்கலாம். அந்த நிலையில் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். பசை போட்டு ஒட்டிய பேட்டரியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுக்க முயலாதீர்கள். உறை கிழிந்தால் தீப்பிடிக்கலாம். வெப்பமான அறையில், முழு சார்ஜில், நாள் முழுக்கச் செருகியே வைத்திருக்கும் மடிக்கணினியில் இது சீக்கிரம் நடக்கும். 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி பல கருவிகளில் இருக்கிறது. இன்றிரவே அதைப் போட்டுவிடுங்கள்.

தடிமன் குறைந்தபோது பேட்டரியின் கொள்ளளவும் குறைந்த சம்பவம் ஒன்று உண்டு. ஆப்பிளின் 15 அங்குல மேக்புக் ப்ரோவில் 2015-இல் 99.5 வாட்-மணி பேட்டரி இருந்தது. விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் எடுத்துச்செல்லும் வரம்பு 100 வாட்-மணி என்பதால் அந்த எண். 2016-இல் 18 மி.மீ. உடலை 15.5 மி.மீ. ஆக்கியபோது பேட்டரி 76 வாட்-மணி ஆனது. நான்கில் ஒரு பங்கு போயிற்று, இரண்டரை மில்லிமீட்டருக்காக. 2019-இல் 16 அங்குலக் கருவி வந்தபோது தடிமன் 16.2 மி.மீ. ஆகக் கூடியது, பேட்டரி 100 வாட்-மணிக்குத் திரும்பியது. இழந்ததைத் திரும்பக் கொடுத்ததை நான் பாராட்டுகிறேன். இடையில் அந்தக் கருவியை வாங்கியவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

அதே 2016 கருவியில்தான் போர்ட்டுகளும் போயின. எச்டிஎம்ஐ, எஸ்டி கார்டு, பழைய யுஎஸ்பி, காந்த சார்ஜர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒலிச்செருகி தவிர யுஎஸ்பி-சி மட்டும் வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த மாதமே அடாப்டர்களின் விலையை ஆப்பிள் குறைக்க வேண்டிவந்தது. 19 டாலருக்கு விற்ற ஒரு சாதாரண யுஎஸ்பி அடாப்டர் 9 டாலருக்கு வந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபரில் வந்த 14 அங்குல மேக்புக் ப்ரோவில் எச்டிஎம்ஐயும் எஸ்டி கார்டும் காந்த சார்ஜரும் திரும்பிவிட்டன. இதில் ஓர் அளவைக் கவனியுங்கள். 2016-இன் 13 அங்குலக் கருவி 14.9 மி.மீ. தடிமன். போர்ட்டுகளோடு திரும்பிவந்த 14 அங்குலக் கருவி 15.5 மி.மீ. வித்தியாசம் 0.6 மி.மீ. புதியதன் எடை கூடியது உண்மை, பேட்டரியும் திரையும் பெரிதானதால். ஆனால் "மெல்லிய உடலில் எச்டிஎம்ஐக்கு இடம் இல்லை" என்ற வாதத்துக்கு அந்த 0.6 மி.மீ. போதுமான பதில். எச்டிஎம்ஐ முனையின் உயரமே நாலரை மில்லிமீட்டர்தான். பழைய யுஎஸ்பி முனையும் அவ்வளவுதான்.

உண்மையில் இடம் பிடித்தவை வேறு. லேன் சாக்கெட் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரம். விஜிஏவும் ஏறத்தாழ அப்படியே. லேன் போர்ட்டின் கீழ்த்தாடை மட்டும் திறந்துகொள்ளும்படி ஒரு கீல் வைத்து அதை மெல்லிய உடலிலும் பொருத்தினார்கள். நான் முன்பு சொன்ன ஃபுஜிட்சுவிலும் அதை மெல்லிய உடலுக்குள் அடக்கியிருக்கிறார்கள். விஜிஏவுக்கு அப்படி ஒரு வழி இல்லை. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த 15 முள் இணைப்பு அது. 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி எல்லாம் சேர்ந்து 2015-க்குள் அதைக் கைவிடப்போவதாக அறிவித்தன. கைவிட்டதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. டிஜிட்டல் படத்தை அனலாகாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் டிஜிட்டலாக்கும் வீண் வேலை அது. 1998-இல் ஐமேக் ஃப்ளாப்பியை விட்டபோதும், 2008-இல் முதல் மேக்புக் ஏர் சிடி டிரைவை விட்டபோதும் உலகம் பழகிக்கொண்டது. ஆனால் நம் கல்லூரிகளின் கூரையில் தொங்கும் ப்ரொஜெக்டர்கள் 2015-ஐக் கேட்டு மாறவில்லை. கருத்தரங்குக்கு வரும் மாணவர் கையில் அடாப்டரோடுதான் வரவேண்டியிருக்கிறது.

யுஎஸ்பி-சியைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அது அருமையான வடிவமைப்பு. 2014 ஆகஸ்டில் அதன் விதிகள் முடிவாயின. 24 தொடர்புமுனைகள், எப்படித் திருப்பிச் செருகினாலும் ஏற்கும், உயரம் சுமார் இரண்டரை மி.மீ. ஒரே துளையில் சார்ஜ், திரை, தரவு மூன்றும் போகும். முதலில் 100 வாட் வரை, 2021-இல் வந்த விதிப்படி 240 வாட் வரை மின்சாரம் தாங்கும். பழைய யுஎஸ்பி 1,500 முறை செருகி எடுக்கத் தாங்க வேண்டும் என்பது விதி. யுஎஸ்பி-சிக்கு 10,000 முறை. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு உருண்டைப் பின் சார்ஜர் வைத்திருந்த காலத்தை நினைத்தால், பக்கத்தில் இருப்பவரின் சார்ஜரைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் இன்றைய வசதி பெரிய விடுதலை. ஐரோப்பிய ஒன்றியம் கைப்பேசிகளுக்கு 2024 டிசம்பர் 28 முதலும் மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் இதைச் சட்டமாக்கியது. மின்கழிவு குறைய அது உதவும் என்றே நம்புகிறேன்.

யுஎஸ்பி-சியின் மேல் எனக்குக் குறையில்லை. எத்தனை வைக்கிறார்கள், எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் குறை.

2015-இல் வந்த 12 அங்குல மேக்புக்கில் ஒரே ஒரு யுஎஸ்பி-சி, ஓர் ஒலிச்செருகி, அவ்வளவுதான். 13.1 மி.மீ. தடிமன், 0.92 கிலோ. சார்ஜ் போட்டுக்கொண்டே பென் டிரைவில் இருந்து ஒரு கோப்பை எடுக்க வேண்டும் என்றால் ஹப் இல்லாமல் முடியாது. ஹப்பையும் அடாப்டரையும் பையில் போட்டபிறகு மிச்சப்படுத்திய எடையில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடுகிறது. மலிவான ஹப் சூடாகி நடுவே திரையை அணைத்துவிடுவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கேபிள்களின் குழப்பம் தனி. ஒரே வடிவத்தில் இருக்கும் இரண்டு கேபிள்களில் ஒன்று விநாடிக்கு 480 மெகாபிட், இன்னொன்று 40 கிகாபிட். ஒன்று 60 வாட் வரைதான் தரும். அதற்கு மேல் தர உள்ளே ஓர் அடையாளச் சிப் வேண்டும். வெளியிலிருந்து பார்த்து இதைச் சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று, பழுதுபார்ப்பவர்கள் மட்டும் அறிந்தது. அதை மாணவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

மடிக்கணினியில் முதலில் தேயும் பாகம் எது? அடிக்கடி கை படும் போர்ட். முன்பு சார்ஜுக்கு ஒரு துளை, திரைக்கு ஒரு துளை, பென் டிரைவுக்கு மூன்று துளை இருந்தன. யுஎஸ்பி ஒன்று போனால் அடுத்ததில் செருகிக்கொள்வோம். எச்டிஎம்ஐ போனால் விஜிஏவில் பாடம் நடத்துவோம். சார்ஜர் பின் ஆடினால் டிசி ஜாக் என்று ஒரு சின்ன உதிரி பாகம். பல கருவிகளில் அது ஒயரோடு தனியாக இருக்கும். ஸ்க்ரூவைக் கழற்றி மாற்றிவிட்டால் அன்று மாலையே கருவி வீட்டுக்குப் போய்விடும். இன்று எல்லா வேலையும் இரண்டு துளைகளின் மேல் விழுகிறது. வீட்டுக்கு இருக்கும் ஒரே கதவு பழுதானால் வரும் நிலைதான் அவை பழுதானாலும் வரும்: சார்ஜ் ஏறாது, படம் வராது, தரவையும் வெளியே எடுக்க முடியாது.

துளைக்குள் இருக்கும் நாக்கு 0.7 மி.மீ. தடிமன். அதில் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் தொடர்புமுனைகள். அதன் வரிசையையும் பாருங்கள். 20 வோல்ட் வரை ஏறும் மின்முனைக்கு மிக அருகில், 5 வோல்ட் அளவே தாங்கும் பேச்சுமுனை இருக்கிறது. சார்ஜரும் கருவியும் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று பேசிக்கொள்ளும் முனை அது. வியர்வை, கடற்காற்றின் ஈரம், பஞ்சுத் தூசி என ஏதாவது ஒன்று அந்த இரண்டையும் இணைத்துவிட்டால், உயர் வோல்ட் உள்ளே பாய்ந்து சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஐசியைக் கொன்றுவிடும். நல்ல வடிவமைப்பில் நடுவே பாதுகாப்புச் சிப் இருக்கும். செலவைக் குறைத்த கருவியில் இருக்காது. "சார்ஜர்தான் போச்சு" என்று நினைத்துப் புது சார்ஜர் வாங்கிவிட்டு நம்மிடம் வருவார்கள், போனது போர்டு.

இங்கேதான் நிறுவனங்களுக்குள் உள்ள வேறுபாடு தெரியும். சிலர் யுஎஸ்பி-சி சாக்கெட்டைத் தனிச் சின்ன போர்டில் வைத்து, ஒரு ரிப்பன் கேபிளால் மதர்போர்டோடு இணைக்கிறார்கள். தேய்ந்தால் அந்தச் சின்ன போர்டை மட்டும் மாற்றலாம். சிலர் நேராக மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். அதை மாற்ற வெப்பக்காற்று இயந்திரமும் நுண்ணோக்கியும் பல ஆண்டுகள் பழகிய கையும் வேண்டும். சேவை மையத்தில் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள். மதர்போர்டில்தான் ரேமும் சேமிப்பும் பதிந்திருக்கும் என்றால், ஒரு தேய்ந்த துளைக்காகக் கணினி முழுவதையும் வாங்கும் நிலை. தரவும் போய்விடும். 2018 முதல் டி2 சிப்போடு வந்த ஆப்பிள் மடிக்கணினிகளில் சேமிப்பில் உள்ளவை அந்தச் சிப்பின் சாவியால் பூட்டப்பட்டிருக்கும். அந்தப் போர்டு உயிர் பெற்றால்தான் அவை கிடைக்கும். திருட்டுக்கு எதிரான நல்ல பாதுகாப்பு அது. ஆய்வேட்டைப் பிரதி எடுத்து வைக்காத மாணவருக்கு அதே பாதுகாப்பு பேரிடி.

ரேமைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அதை மதர்போர்டில் ஒட்டியதற்கு நேர்மையான பொறியியல் காரணம் உண்டு. மின்சாரம் குறைவாகக் குடிக்கும் எல்பிடிடிஆர் வகை நினைவகம், பாதை குட்டையாக இருந்தால்தான் முழு வேகத்தில் ஓடும். பழைய எஸ்ஓ-டிம் சாக்கெட்டின் நீண்ட பாதை அதற்கு ஒத்துவராது. ஆகவே இதை வஞ்சகம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தீர்க்க முடியாத சிக்கல் என்று சொன்னால் அதையும் ஏற்கமாட்டேன். 2022-இல் டெல் நிறுவனம் காம் என்ற தட்டையான, திருகி மாட்டும் நினைவகப் பலகையைத் தன் கருவியில் போட்டது. 2023 டிசம்பரில், நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு காம்2 என்று அதைப் பொதுத் தரமாக வெளியிட்டது. 2024-இல் லெனோவோவின் திங்க்பேட் பி1 எல்பிடிடிஆர் நினைவகத்தையே கழற்றி மாட்டும் பலகையாகக் கொண்டுவந்தது. மெல்லிய உடலும் கழற்றும் ரேமும் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இனி வெப்பம். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் போனால் பேச்சே வீண்.

ஆப்பிள் தன் மடிக்கணினிகளின் விவரக்குறிப்பில், அவை இயங்க ஏற்ற சூழல் வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் என்று அச்சிடுகிறது. வேறு பலரும் 35 அல்லது 40 என்றே எழுதுகிறார்கள். மே மாதத்தில் வேலூரிலும் திருத்தணியிலும் கரூர் பரமத்தியிலும் நிழலிலேயே 40-ஐத் தாண்டும். ஏசி இல்லாத வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் மாணவரின் மடிக்கணினி, தயாரித்தவரே சொன்ன வரம்புக்கு வெளியேதான் வேலை செய்கிறது.

கணக்கு எளிது. ப்ராசசர் சுமார் 100 டிகிரியை எட்டினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். வெளியேறும் வெப்பம், உள்ளே இருப்பதற்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்துக்கு ஏறத்தாழ நேர்விகிதம். 20 டிகிரி அறையில் அந்த வித்தியாசம் 80. 40 டிகிரி அறையில் 60. அதே ஃபேன், அதே செம்புக்குழாய், ஆனால் வெளியேற்றும் திறனில் கால் பங்கு போய்விட்டது. ஃபேன் இல்லாத மெல்லிய கருவியில் நிலை இன்னும் மோசம். அங்கே உலோக உடல்தான் வெப்பத்தை விடவேண்டும். அந்த உடலோ கையும் மடியும் தாங்கும் அளவு சூட்டில் இருக்க வேண்டும். 45 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரி அறையில் 20 டிகிரி வித்தியாசம் கிடைக்கிறது. 38 டிகிரி அறையில் கிடைப்பது 7. மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல்தான் வெப்பம் வெளியேறும். விற்பனைக் கடையின் குளிர் அறையில் பறக்கும் கருவி, வீட்டில் நண்பகலில் ஊர்ந்து போவதன் காரணம் இது.

தடிமன் கூடினால் ஃபேனின் இறக்கை உயரமாக இருக்கலாம், காற்றுப்பாதை அகலமாக இருக்கலாம், மெதுவாகச் சுற்றியே அதிகக் காற்றைத் தள்ளலாம். தூசி சேர்ந்தாலும் மூச்சுவிட இடம் இருக்கும். மெல்லிய ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டும், இரைச்சல் போடும், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். 2018-இல் 15.5 மி.மீ. மேக்புக் ப்ரோவுக்குள் ஆறு கோர் கொண்ட ஐ9 ப்ராசசரை வைத்தபோது, தொடர் வேலையில் அது தன் அடிப்படை வேகத்துக்கும் கீழே போவதைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். மென்பொருளில் குறை இருந்ததாகச் சொல்லி ஆப்பிள் திருத்தம் வெளியிட்டது.

மெல்லிய உடலுக்கு நியாயம் செய்த ஒரு மாற்றமும் நடந்தது. 2020 நவம்பரில் எம்1 சிப் வந்தபின், குறைந்த மின்சாரத்தில் நிறைய வேலை செய்யும் ப்ராசசர்களால் ஃபேன் இல்லாத கருவியும் மதிப்பாக ஓடியது. தடிமனைக் குறைக்க உரிமை தருவது இத்தகைய முன்னேற்றம். வெப்பத்தைக் குறைக்காமல் உடலை மட்டும் இளைக்க வைத்ததுதான் பத்தாண்டுகள் நடந்த தவறு.

கீபோர்டையும் சொல்லியாக வேண்டும். 2015-இல் ஆப்பிள் தொடங்கிய பட்டாம்பூச்சி வகைக் கீபோர்டில் விசை இறங்கும் ஆழம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஒரு தூசித் துகள் போனால் எழுத்து வராது, அல்லது இரண்டு முறை வரும். கீபோர்டு மேல்மூடியோடு சேர்ந்தே இருந்ததால் ஒரு விசைக்காக பேட்டரி உட்பட மேல்பாகம் முழுவதையும் மாற்ற நேர்ந்தது. 2018 ஜூனில் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தார்கள். 2019-இல் பழைய கத்தரிக்கோல் வகைக்கு ஒரு மில்லிமீட்டர் ஆழத்தோடு திரும்பினார்கள். 2022-இல் அமெரிக்காவில் 5 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். 2016 கருவியின் திரைக் கேபிளும் அப்படித்தான். கீலைச் சுற்றி ஓடிய அந்த மெல்லிய கேபிள் திறந்து மூடித் திறந்து மூடித் தேய்ந்து, திரையின் அடியில் மேடை விளக்குகள்போல வெளிச்சத் திட்டுகள் தோன்றின. பின்னர் வந்த 2018 கருவியில் அதே கேபிள் 2 மி.மீ. நீளம் கூடியிருந்ததை, கருவிகளைப் பிரித்து ஆராயும் ஐஃபிக்ஸிட் குழுவினர் அளந்து காட்டினார்கள். முதலில் அந்தக் கேபிள் திரையோடு பிரிக்க முடியாதபடி இருந்ததால், அதற்காக முழுத் திரையையும் வாங்க வேண்டியிருந்தது.

நான் ஆப்பிளின் பெயரை அதிகம் சொல்கிறேன். அளவுகள் துல்லியமாக அச்சாகியிருப்பதாலும், மற்றவர்கள் அந்த வழியைப் பின்பற்றியதாலும் சொல்கிறேன். விலை குறைந்த விண்டோஸ் மடிக்கணினிகளில் இதே குறைகள், இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் எதுவும் இல்லாமல் இருக்கின்றன. நம் மாணவர்களில் பெரும்பாலோர் வாங்குவது அவற்றைத்தான்.

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அந்த முதல் ஆண்டுகளின் கருவிகள் தடியானவை, பேட்டரியைத் தனியே கழற்றலாம். ப்ளஸ் டூ முடித்தவர் கல்லூரிவரை அதைத் தூக்கிப்போய், பிறகு தங்கைக்குக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. ஒரு ஸ்க்ரூடிரைவரோடு அதைத் திறந்து பார்த்தே தொழில் கற்றுக்கொண்ட இளைஞர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறார்கள். அரசோ கல்லூரியோ மொத்தமாக மடிக்கணினி வாங்கும்போது டெண்டரில் தடிமன் என்ன என்று கேட்பதைவிட, பேட்டரியை எத்தனை நிமிடத்தில் மாற்றலாம், சார்ஜிங் போர்ட் தனி போர்டில் இருக்கிறதா, உதிரி பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று கேட்க வேண்டும். மொத்தமாக வாங்குபவருக்குப் பதில் சொல்லாமல் எந்த நிறுவனமும் இருக்க முடியாது.

முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. 2021-இல் அமெரிக்காவின் ஃப்ரேம்வொர்க் நிறுவனம் 15.85 மி.மீ. தடிமனில், 1.3 கிலோவில் ஒரு மடிக்கணினி விற்கத் தொடங்கியது. போர்ட்டுகள் கழற்றி மாட்டும் சின்னப் பெட்டிகள். எச்டிஎம்ஐ வேண்டுமா, பழைய யுஎஸ்பி வேண்டுமா என்று நீங்களே தேர்ந்துகொள்ளலாம். திறக்க ஸ்க்ரூடிரைவரையும் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தார்கள். போர்ட் தேய்ந்தால் அந்தச் சின்னப் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். ஐஃபிக்ஸிட் அதற்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் கொடுத்தது. 2012-இல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவுக்கு அதே குழு கொடுத்தது ஒன்று. இரண்டுக்கும் தடிமனில் வித்தியாசம் பார்த்தால், பழுதுபார்க்கக் கூடியதுதான் 2 மி.மீ. மெல்லியது.

பிரான்சில் 2021 ஜனவரி முதல், கடையில் மடிக்கணினியின் விலைக்குப் பக்கத்திலேயே அதன் பழுதுபார்ப்பு மதிப்பெண்ணையும் பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டம், பயனரே கழற்றி மாற்றும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரி 18-ஐக் கெடுவாக வைத்திருக்கிறது. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி அதற்கான இணையவாசலைத் திறந்தது. தொடக்கம் நல்லது. ஆனால் கடை அலமாரியில், விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் அந்த மதிப்பெண் வரவேண்டும். இந்த அரங்கில் இருக்கும் பழுதுபார்ப்பவர்களைவிட அதற்கு அளவுகோல் வகுக்கத் தகுதியானவர்கள் யாரும் இல்லை. உங்கள் சங்கங்கள் வழியாக எழுதுங்கள். எந்த மாடலில் எந்தப் பாகம் எத்தனையாவது ஆண்டில் போகிறது என்ற குறிப்பு உங்கள் கடை நோட்டுகளில் ஏற்கெனவே இருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மேடைக்கு இடப்பக்கம் உள்ள மேசையில் மூன்று மடிக்கணினிகளைக் கீழ்மூடி இல்லாமல் வைத்திருக்கிறோம். ஒன்றில் சார்ஜிங் சாக்கெட் தனி போர்டில் இருக்கிறது, ஒன்றில் மதர்போர்டிலேயே இருக்கிறது, மூன்றாவதில் ரேம் கழற்றும்படி இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியும் பக்கத்தில் இருக்கிறது. நான்கு நான்கு பேராக வாருங்கள், எது எது என்று கண்டுபிடியுங்கள், பிறகு கேள்விகளை எடுத்துக்கொள்வோம்.